மதில் மேல் பூங்கா: கறுப்பர் நகரத்துச் சுவரை ஒரே காலையில் பார்த்து முடிக்கும் வழி

பழைய ஜெயில் சாலையில் நின்றுகொண்டு, "பழைய நகரச் சுவர் எங்கே இருக்கிறது?" என்று முதல் முறை நான்கு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவதாக, தள்ளுவண்டியில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த அம்மா, "எந்த வீட்டுச் சுவர் தம்பி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வெள்ளைக்காரன் கட்டிய மதில், மேலே தோட்டம் போட்டிருக்கிறார்கள் என்று விளக்கியதும் அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "மாடிப் பூங்கா என்று கேட்க வேண்டியதுதானே! சுவர், சுவர் என்றால் யாருக்குத் தெரியும்?"

ஆகவே முதல் குறிப்பு இதுதான். ராயபுரத்தில் வழி கேட்கும்போது சுவர் என்று கேட்காதீர்கள், மாடிப் பூங்கா என்று கேளுங்கள். மத்திய தொல்லியல் துறையின் பட்டியலில் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். தெருவில் இருப்பவர்களுக்கு அது மாடியில் ஒரு பூங்கா. இரண்டும் ஒன்றே. மற்ற பூங்காக்களில் நடுவே ஒரு சிலையோ தூணோ இருக்கும். அதைச் சுற்றிப் புல் வளர்ப்பார்கள். இங்கே நினைவுச்சின்னத்தின் முதுகில் ஏறித்தான் பூங்காவையே பார்க்க வேண்டும்.

நேராகப் பூங்காவுக்குப் போய் இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு செங்கல் மதில், படிக்கட்டு, மேலே கொஞ்சம் மரம் செடி, அவ்வளவுதான் கண்ணில் படும். பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். இது ஊர் முழுக்க ஓடிய ஒரு மதிலின் கடைசித் துண்டு. காணாமல்போன பகுதி எந்த வழியாக ஓடியது என்பதைக் காலால் அளந்துவிட்டு வந்தால்தான் மிச்சமிருக்கும் துண்டு பேசும். அதனால் இந்த வழிகாட்டி பாரிமுனையில் தொடங்கி, மதில் போன தடத்திலேயே நடந்து, பூங்காவில் ஏறுகிறது. சாவகாசமாக நடந்தால் மூன்றரை மணி நேரம் பிடிக்கும்.

புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

கறுப்பர் நகரம் என்று ஆங்கிலேயர்கள் அழைத்த பகுதி முதலில் இன்றைய இடத்தில் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் அது இருந்தது. சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் அங்கேதான் குடியிருந்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, கோட்டைக்கு நெருக்கமாக இருந்த வீடுகள் பலவற்றை இடித்தார்கள். 1749இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. தங்கள் பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று அவர்களும் இடிப்பைத் தொடர்ந்தார்கள். கோயிலும் தப்பவில்லை. பிறகு 1760களில், கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் புதிதாகக் கட்டினார்கள். இன்று நாம் கும்பிடுவது அந்தக் கோயிலை. ஊரை இடித்தவர்கள் யார் என்று கேட்டால், எதிரி, காவலன் இரண்டு பேருமே என்பதுதான் பதில்.

இடம்பெயர்ந்த மக்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். அந்த இரு பேட்டைகளும் சேர்ந்ததே புதிய கறுப்பர் நகரம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் ஜார்ஜ் டவுன் ஆனது.

1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடியும் வந்தது. கோட்டைக்கு மதில் இருந்தது; கறுப்பர் நகரத்துக்கு உருப்படியான காப்பு ஏதும் இல்லை. படை தடையின்றி உள்ளே நுழைந்தது. வீடுகளைச் சூறையாடிய சிப்பாய்களுக்குச் சாராயக் கிடங்குகளும் கிடைக்க, பாதிப் பேர் தெருவில் தள்ளாடினார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கோட்டைக்குள் இருந்து ஆங்கிலேயர்கள் பாய்ந்து தாக்கியும் வெற்றி கிட்டவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தெரிந்த பிறகே முற்றுகை விலகியது. இரண்டு மாதம் நகரத்து மக்கள் பட்டதை விவரிக்கத் தனிக் கட்டுரை வேண்டும்.

அப்போதே மதில் கட்டியிருக்க வேண்டும். பேசினார்கள், எழுதினார்கள், செலவைப் பார்த்துத் தள்ளிப்போட்டார்கள். 1767இல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் சுற்றுப்புறத் தோட்ட வீடுகளில் கொள்ளையடித்துப் போனது. 1769இல் ஹைதர் அலியே நகரத்தின் வாசல்வரை வந்து, கம்பெனியைத் தன் நிபந்தனைக்கு உடன்பட வைத்துத் திரும்பினார். அதற்குப் பிறகுதான் வேலை சூடுபிடித்தது. 1769இல் தொடங்கி 1772 வாக்கில் முடிந்த மதில், நகரத்தின் வடக்கையும் மேற்கையும் சுற்றிச் சுமார் மூன்றரை மைல் ஓடியது. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. அந்தப் பக்கங்களுக்கு மதில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஒப்பந்ததாரர் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் பொறியாளராக வந்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் அவரே என்பார்கள். கட்டடம் கட்டியதைவிட ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டே அவர் பெரும்பணம் சேர்த்தார். 1785இல் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசிய புகழ்பெற்ற உரையில் மிகக் கடுமையாகச் சாடப்பட்டவர் இவர். அத்தனை பணமும் கரைந்து, 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார். அவர் கட்டிய மதிலில் ஒரு துண்டு மட்டும் ராயபுரத்தில் நிற்கிறது.

கிளம்பும் நேரம், கையில் இருக்க வேண்டியவை

ஞாயிறு காலை ஆறரை மணி. வேறு நாளைப் பரிந்துரைக்க மாட்டேன். வார நாளில் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் மீன்பாடி வண்டிக்கும் லாரிக்கும் நடுவே உயிர் பிழைப்பதே வேலையாகிவிடும். மதிலின் தடத்தை எங்கே பார்ப்பது? மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் போவது வீம்பு.

தண்ணீர், தொப்பி, தேய்ந்தாலும் கவலையில்லாத செருப்பு. படம் எடுக்கக் கைப்பேசி போதும். தொல்லியல் துறையின் சின்னங்களில் முக்காலி வைத்துப் படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். அந்த வம்பே வேண்டாம். கழிவறைக்கு மெட்ரோ நிலையங்களை நம்புங்கள், வழியில் வேறு எதையும் நம்பாதீர்கள்.

முதல் நிறுத்தம்: பாரிமுனையின் எல்லைத் தூண்

உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி பாரிமுனைக்கு வாருங்கள். டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரம் ஒரு கல்தூண் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் இடம். நின்று பார்ப்பவரை நான் கண்டதில்லை. கோட்டைக்கும் புதிய கறுப்பர் நகரத்துக்கும் நடுவே இருந்த வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட ஆறு தூண்களில் எஞ்சியது இது ஒன்றே. இந்தக் கோட்டுக்குத் தெற்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்பது உத்தரவு.

தூணுக்கு முதுகைக் காட்டி, உயர் நீதிமன்றத்தைப் பார்த்து நில்லுங்கள். எதிரே தெரிகிற அந்தப் பரப்பில்தான் ஊர் இருந்தது. பீரங்கிக்குப் பார்வை மறைக்கிறது என்று அள்ளித் துடைக்கப்பட்ட ஊர். இப்போது திரும்பி வடக்கே பாருங்கள். அள்ளித் துடைக்கப்பட்டவர்கள் எங்கே போனார்களோ, நீங்களும் அங்கே போகப் போகிறீர்கள்.

இரண்டாவது: வால்டாக்ஸ் சாலை

மறுபடி மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரல் அடுத்த நிலையம். ரயில் நிலையத்தின் கிழக்கு ஓரமாக வடக்கே போகிறது வால்டாக்ஸ் சாலை. மதிலின் மேற்குக் கை ஓடிய தடம் இது. சுவர் வரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நம் வாயில் அரைபட்டு வால்டாக்ஸ் ஆகிவிட்டன. மதிலால் பயன் பெறுபவர்கள் உள்ளே இருக்கும் மக்கள், ஆகவே செலவை அவர்களே தரட்டும் என்று கம்பெனி ஒரு வரி போட நினைத்தது. அந்த வரி வசூலாகவே இல்லை என்று சொல்லப்படுகிறது. வராத வரி சாலையின் பெயரில் மட்டும் தங்கிவிட்டது. வ.உ.சி. சாலை என்று பெயர் மாறிய பிறகும் ஆட்டோக்காரருக்கு இது வால்டாக்ஸ்தான்.

மதில் என்று தேடி இங்கே ஒரு செங்கல் கூடக் கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டில் போர்ப் பயம் போய், ரயில் வந்து, மதில் இடைஞ்சலாகிவிட்டது. ஆனாலும் சாலையின் வடிவத்தைக் கவனியுங்கள். கிழக்கே சந்து சந்தாகத் தெருக்கள் வந்து இச்சாலையில் முட்டுகின்றன. மேற்கே தெரு தொடர்வதில்லை. ரயில்வே நிலம் நீளமாகக் கிடக்கிறது. மதில் போய் இருப்புப்பாதை வந்தது. ஊரின் விளிம்பு நகரவில்லை.

இந்தச் சாலையில் ஒற்றைவாடை என்ற பெயரில் ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. பெரிய நாடகக் குழுக்களெல்லாம் மேடையேறிய இடம். ஒரு பக்கம் மட்டும் வீடுகள் உள்ள தெருவை வடசென்னையில் ஒற்றைவாடைத் தெரு என்பார்கள். எதிர்வாடை இல்லாமல் போனதற்கு மதில்தான் காரணம் என்பது என் ஊகம். ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

கொஞ்சம் வடக்கே போனால் யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். மதிலில் வைத்திருந்த வாசல்களில் ஒன்று இங்கே இருந்தது. கதவு போய், நிலை போய், யானையும் போய், பெயர் மட்டும் பாலத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்திப்பில் நின்று, உங்களுக்கு வலது கையில் பெத்தநாயக்கன்பேட்டை, இடது கையில் ஊருக்கு வெளியே என்று ஒரு முறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்.

பசித்தால் வலப்பக்கம் சௌகார்பேட்டைக்குள் நுழையுங்கள். கச்சோரியும் சூடான ஜிலேபியும் காலையிலேயே தயாராக இருக்கும். இருபது நிமிடத்துக்குமேல் எடுத்துக்கொள்ளாதீர்கள், வெயில் ஏறிவிடும்.

மூன்றாவது: வடக்கு மூலையில் திரும்புதல்

வள்ளலார் நகர் பேருந்து நிலையப் பகுதிக்கு வந்தால் மதில் கிழக்கே திரும்பிய மூலைக்கு வந்துவிட்டீர்கள். பலருக்கு இது இன்னும் மிண்ட்தான். அருகே உள்ள ஏழுகிணறு மதிலுக்கு வயது ஒத்த உறவினர். 1772இல் தொடங்கி, கோட்டைக்குக் குடிநீர் தந்த கிணறுகள் அவை. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில்தான் வள்ளலார் பல்லாண்டு வாழ்ந்தார். அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய்வருவாராம். திருவொற்றியூர் வடக்கே, மதில் குறுக்கே. அப்படியென்றால் அவர் காலடியும் இம்மதிலின் ஏதோ ஒரு வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். இதை நினைத்துக்கொண்டே பழைய ஜெயில் சாலையில் திரும்புங்கள்.

இந்தச் சாலை மதிலின் வடக்குக் கை. ஸ்டான்லி மருத்துவமனை வரும். வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1780இல் ஹைதர் மறுபடியும் படையெடுத்தபோது கிராமங்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது, மக்கள் சென்னையை நோக்கி ஓடிவந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததே இந்த மருத்துவமனை. மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது; வெளியே வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி.

அடுத்து பாரதி மகளிர் கல்லூரி. சாலைக்குப் பெயர் தந்த ஜெயில் இருந்த வளாகம் அது. இப்போது அங்கே பெண்கள் படிக்கிறார்கள். சென்னையில் ஒரு கட்டடத்துக்கு நேர்ந்த நல்ல மாற்றங்களில் இதை முதலிடத்தில் வைப்பேன். அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. வெளியிலிருந்தே பார்த்துவிட்டுக் கடலை நோக்கிக் கிழக்கே நடங்கள்.

நான்காவது: மாடிப் பூங்கா

இதோ வந்துவிட்டது. அவசரப்பட்டுப் படியேறாதீர்கள். முதலில் கீழேயே நின்று மதிலின் முகத்தைப் பாருங்கள். நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த வேலை. பூச்சு உதிர்ந்த இடங்களைத் தேடுங்கள். அங்கேதான் உண்மை தெரியும். பழைய சுண்ணாம்பு வெளிர் நிறம், விளிம்பு பொடிந்திருக்கும், நடுநடுவே வெள்ளைக் கட்டிகள் தெரியும். சென்னைக் கொத்தர்கள் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் நல்ல சுண்ணாம்பு செய்தார்கள். சிமெண்டு என்றால் சாம்பல் நிறம், கல்லாக இறுகி, நீளக் கோடாக வெடித்திருக்கும். பழைய மதிலில் சிமெண்டு பூசுவது பெரிய தீங்கு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் செங்கல் உள்ளுக்குள் பொடியாகும், வெளியே பூச்சு மட்டும் பளபளவென்று நிற்கும். பார்க்கும் மதில் எதிலாவது இந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறியப் பழகிக்கொண்டால், பிறகு எந்தக் கோயில் மதிலையும் நீங்கள் சும்மா கடக்க மாட்டீர்கள்.

இடுக்குகளில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீங்களாகப் பிடுங்க வேண்டாம். வேர் போகாது, காரைதான் பெயர்ந்து வரும். அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி, சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். இதைப் படித்துவிட்டு, தலையைத் திருப்பி, சுற்றி இருக்கும் கட்டடங்களையும் ஒரு பார்வை பாருங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது படியேறுங்கள். பத்துப் பன்னிரண்டு அடி ஏறுவதற்குள் ஒரு மதில் எப்படித் தோட்டமாக முடியும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அகலம். வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். பீரங்கிக் காலத்து மதில் உயரத்தைவிடக் கனத்தை நம்பியது. வெறும் கல் சுவரைக் குண்டு நொறுக்கிவிடும். பின்னால் மண் திணித்த சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும். மேலே வீரர்கள் நடமாட வேண்டும், பீரங்கியை இழுத்துத் திருப்ப வேண்டும். அவர்களுக்காக விட்ட இடத்தில்தான் 1950களில் மாநகராட்சி செடி நட்டுப் பூங்கா ஆக்கியது. பென்ஃபீல்டு கனம் குறைத்துக் கட்டியிருந்தால் இன்று பூங்கா இல்லை.

மேலே வந்ததும் வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள். எதிரி வருவான் என்று எதிர்பார்த்த திசை அது. வந்தானா? இல்லை. 1780இல் ஹைதர் மறுபடி வந்தபோதும் கறுப்பர் நகரத்து மதில் முற்றுகைக்கு உள்ளாகவில்லை. மதில் இருந்ததால்தான் எதிரி வரவில்லை என்று பென்ஃபீல்டின் ஆவி வாதாடலாம், மறுக்கவும் முடியாது. கடைசியில் 1914 செப்டம்பர் 22 இரவு ஒரு எதிரி வந்தான். ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். அவன் வந்தது கடல் வழியாக. மதிலே வேண்டாம் என்று விட்ட திசை.

மேலே எவ்வளவு நேரம் இருப்பது என்பது உங்கள் விருப்பம். பராமரிப்பு ஒரே சீராக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு முறை நன்றாகப் பெருக்கியிருந்தது, இன்னொரு முறை குப்பை. ஒரு முறை கேட்டே பூட்டியிருந்தது. பக்கத்துக் கடை அண்ணன், "பத்து நிமிடம் நில்லுங்கள் சார், ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறார்" என்றார். நாற்பது நிமிடம் ஆயிற்று. நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்காகக் காலையிலும் மாலையிலும் திறப்பது பூங்காக்களின் வழக்கம். நடுப்பகலில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு யாரையும் திட்ட வேண்டாம்.

சிறுவர்களைக் கூட்டிப் போனால் விளிம்பில் கவனம். மூட்டுவலிக்காரர்களுக்குப் படி சிரமம். அவர்கள் கீழே மதிலைப் பார்த்தாலே பாதிக்குமேல் பார்த்த கணக்கு.

கால் வலிக்கவில்லை என்றால்

ராயபுரத்தில் இரண்டு இடங்கள் மிச்சம். ஒன்று, ரயில் நிலையம். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பிய இடம். மதிலைத் தேவையற்றதாக்கிய காலம் இங்கே புறப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முகப்புத் தூண்கள் இன்னும் கம்பீரம்தான்.

மற்றொன்று, ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கும் அறிஞர் அண்ணா பூங்கா. பழைய பெயர் ராபின்சன் பூங்கா. மதிலுக்கு வெளியே அமைந்த இந்தப் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. மாடிப் பூங்காவில் எதிரியை எதிர்பார்த்து யாரும் வரவில்லை; இங்கே எதிர்பார்த்ததற்கு மேல் கூட்டம் வந்தது.

திரும்புவதற்கு ராயபுரத்திலிருந்து புறநகர் ரயில் உண்டு, கடற்கரை நிலையம் அடுத்தது. மாலையில் நடையைத் தொடங்கியவர்கள் அங்கே இறங்கினால், நிலையத்துக்கு எதிரே பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகள் திறந்திருக்கும். காலையில் வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாலை வரை காத்திருக்க வேண்டும், அல்லது இன்னொரு நாள் வர வேண்டும்.